மாற்றுத்திறனாளிகளின் பயணச் செலவு – தருமபுரி மாவட்டம்

மாற்றுத்திறனாளிகளின் பயணச் செலவு என்பது, உடல், புலன் அல்லது அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் ஓரிடத்துக்குச் சென்று திரும்புவதற்காக மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கும் பணத்தையும் நேரத்தையும் குறிக்கும். பேருந்துக் கட்டணம் இச்செலவில் ஒரு சிறு பகுதியே ஆகும். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை செல்லும் வாடகை வண்டி, உடன் வருபவர் இழக்கும் நாள்கூலி, சக்கர நாற்காலியின் விலையும் பழுதுநீக்கமும், ஏறமுடியாத பேருந்துக்கு மாற்றாக அமர்த்தப்படும் கார் ஆகியவையே பெரும்பகுதியாக அமைகின்றன.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமும், தொலைதூரப் பேருந்துகளிலும் ரயில்களிலும் கட்டணச் சலுகையும் உள்ளன. ஆயினும், பேருந்தின் படியில் ஏறமுடியாதவருக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு பயன்படுவதில்லை. கிராமங்களும் மலைக் குடியிருப்புகளும் மிகுந்த தருமபுரி மாவட்டத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

கருத்தாக்கம்

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், 2009-இல் வெளிவந்த தமது "நீதி பற்றிய கருத்து" குறித்த ஆங்கில நூலில், குறைபாடுள்ளோர் எதிர்கொள்ளும் தடைகளை இரண்டாகப் பிரிக்கிறார். முதலாவது, பொருள் ஈட்டுவதில் உள்ள தடை. வேலை கிடைப்பது அரிதாகவும் கூலி குறைவாகவும் இருப்பது இதில் அடங்கும். இரண்டாவது, ஈட்டிய பொருளை வாழ்க்கைப் பயனாக மாற்றிக்கொள்வதில் உள்ள தடை. கையில் ஒரே அளவு பணம் உள்ள இருவரில், குறைபாடுள்ளவர் அதே பயனை அடைய அதிகம் செலவிட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டாவது தடைக்குப் பயணம் ஒரு நேரடியான எடுத்துக்காட்டு ஆகும். நடக்கக்கூடிய ஒருவர் பேருந்தில் ஏறி மருத்துவமனைக்குச் சென்று திரும்புகிறார். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் அதே மருத்துவமனைக்குச் செல்ல ஒரு வண்டியையும் ஓர் ஆளையும் ஏற்பாடு செய்ய வேண்டும். இருவரின் வருமானமும் ஒன்றாகவே இருந்தாலும், இரண்டாமவரே நடைமுறையில் ஏழையாகிறார். வருமானத்தை மட்டும் அளவிடும் வறுமைக் கணக்கெடுப்புகளில் இந்த ஏழ்மை பதிவாவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். தமிழ்நாட்டில் இவ்வெண்ணிக்கை 11,79,963 ஆகும். அக்கணக்கெடுப்புக்குப் பின், 2016-ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் வகைகளை 7-இலிருந்து 21 ஆக உயர்த்தியது. எனவே இன்றைய வரையறைக்குள் வருவோரின் எண்ணிக்கையை 2011-ஆம் ஆண்டுக் கணக்கு முழுமையாகக் காட்டுவதில்லை.

தருமபுரி மாவட்டத்தின் பின்னணி

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 2004-இல் இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 15 லட்சம் ஆகும். இவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் வாழ்கின்றனர்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், 2008-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஆகிய மூன்றும் மாவட்டத் தலைநகரை ஒட்டியே அமைந்துள்ளன. அரூர் அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலும், பென்னாகரம் சுமார் 30 கி.மீ. தொலைவிலும் உள்ளன. உயர்சிகிச்சைக்காகச் சேலம் அல்லது பெங்களூருக்குச் செல்வோரும் உண்டு. ஒரு மாற்றுத்திறனாளி சான்றிதழ், உதவித்தொகை, உபகரணம், சிகிச்சை ஆகியவற்றைப் பெறப் பலமுறை தலைநகருக்கு வந்துபோக வேண்டியிருக்கலாம். இப்பயணங்களின் செலவு, கிடைக்கும் உதவியின் ஒரு பகுதியை முன்கூட்டியே விழுங்கிவிடுகிறது.

மாவட்டத்தின் மேற்கிலும் கிழக்கிலும் மலைகள் உள்ளன. வத்தல்மலை, சித்தேரி மலை, பென்னாகரம் பகுதியின் மலைக் குடியிருப்புகள் ஆகியவற்றில் வாழ்வோருக்குப் பேருந்து வரும் இடத்தை அடைவதே பெரிய பயணமாகும். கோட்டூர் மலைக்கிராமத்துக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகள் மீது ஏற்றிச் செல்லப்பட்ட காட்சி பலமுறை செய்தித்தாள்களில் வெளிவந்துள்ளது. வண்டி செல்லும் பாதை இல்லாத குடியிருப்புகளில், நடக்கமுடியாதவரைத் துணியாலும் கம்பாலும் கட்டிய தூளியில் வைத்து ஆட்கள் சுமந்து இறக்குவதே வழியாகிறது. சுமப்போர் அனைவரும் அன்றைய வேலையை விட்டுத்தான் வருகின்றனர்.

இம்மாவட்டத்துக்கே உரிய மற்றொரு காரணி நிலத்தடி நீரிலுள்ள புளூரைடு ஆகும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரையே புளூரைடு இருக்கலாம் என வரையறுத்துள்ளது. இதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் பருகுவோருக்கு முதலில் பற்களில் கறை படியும். பாதிப்பு கடுமையானால் மூட்டுகள் இறுகி, முதுகெலும்பு வளைந்து, குனியவும் காலைத் தூக்கவும் இயலாமல் போகும். இதனைத் தடுக்கவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம், சப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல நீர் வந்தபின் புதிய பாதிப்புகள் குறையலாம். ஆனால் ஏற்கெனவே இறுகிய மூட்டுகள் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. காலை உயர்த்தமுடியாத ஒரு முதியவர் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெறாதவராகவும் இருக்கலாம். பேருந்தின் உயரமான முதற்படி அவருக்கும் தடையே.

செலவு சேரும் இடங்கள்

ஒரு பயணத்தின் கூடுதல் செலவு பின்வரும் இடங்களில் சேர்கிறது.

வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் இடையே: நிறுத்தம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் மற்றவர்கள் நடந்துவிடுவர். மண்பாதையில் சக்கர நாற்காலி உருளாது. ஆட்டோ அல்லது இருசக்கர வண்டியில் ஒருவரை அழைத்துச் செல்லச் சொல்ல வேண்டும். கட்டணமில்லாப் பேருந்தைப் பிடிப்பதற்கே கட்டணம் செலுத்த நேர்கிறது.

வண்டியில் ஏறும் இடம்: பேருந்தில் ஏற்றிவிட இரண்டு பேர் கிடைக்காவிட்டால் கார் அல்லது வேன் அமர்த்த வேண்டும். வாடகை வண்டிகள் பொதுவாக இருவழித் தூரத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்தே கட்டணம் வாங்குகின்றன. மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் காத்திருப்பு நீள நீள வாடகையும் கூடுகிறது.

உடன் வருபவர்: பல குடும்பங்களில் தாயோ மனைவியோ மகளோ உடன் செல்கின்றனர். அவர் கூலி வேலைக்குச் செல்பவராக இருந்தால் அன்றைய கூலி போகும். பள்ளி மாணவராக இருந்தால் ஒருநாள் படிப்பு போகும். இந்த இழப்பு எந்தப் பற்றுச்சீட்டிலும் இடம்பெறுவதில்லை.

உபகரணம்: சக்கர நாற்காலி, செயற்கைக் கால், ஊன்றுகோல், காதொலிக்கருவி ஆகியவை தேயும், பழுதாகும். கரடுமுரடான சாலைகளில் விரைவாகவே பழுதாகும். முன்பு வரிவிலக்குப் பெற்றிருந்த சக்கர நாற்காலி உள்ளிட்ட துணைக்கருவிகளுக்கு, 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது 5 சதவீத வரி விதிக்கப்பட்டது. இவ்வரி நடப்பதற்கே போடப்பட்ட வரி என மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

தங்குமிடமும் கழிப்பறையும்: சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உள்ள விடுதிகள் பெரும்பாலும் உயர்விலை விடுதிகளே. மலிவான விடுதிகளில் மின்தூக்கி இருப்பதில்லை. கழிப்பறை கிடைக்காது என்ற அச்சத்தால், பயண நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்போர், குறிப்பாகப் பெண்கள், பலர். இதன் விலை உடல்நலக் கேடாக வெளிப்படுகிறது.

போகாமல் விட்ட பயணம்: செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடப்படும் சிகிச்சை, எழுதாமல் விடப்படும் தேர்வு, ஏற்காமல் விடப்படும் வேலை ஆகியவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பெருஞ்செலவு இதுவே எனலாம்.

ஓர் எளிய கணக்கு

இச்செலவின் எடையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். பென்னாகரம் பகுதியின் ஒரு சிற்றூரில் வாழும், இரு கால்களும் செயலிழந்த ஒருவர், தருமபுரி அரசு மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை செல்ல வேண்டும் எனக் கொள்வோம். போகவர 60 கி.மீ.க்கு மேல் ஆகும். காத்திருப்பையும் சேர்த்துக் கார் வாடகை 1,200 ரூபாய் என வைத்துக்கொள்வோம். உடன் வரும் மனைவியின் கூலி இழப்புக்கு, நூறுநாள் வேலைத் திட்டத்தில் 2024–25-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாளொன்றுக்கான 319 ரூபாயை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,519 ரூபாய் ஆகிறது.

தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 சனவரியில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடும் பாதிப்புள்ளோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் ஆகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், ஒரே ஒரு மருத்துவமனைப் பயணம் ஒரு மாத ஓய்வூதியத்தை முழுவதும் எடுத்துக்கொள்கிறது. உணவுக்கும் மருந்துக்கும் என வழங்கப்பட்ட பணம், மருத்துவமனை வாசலை அடைவதிலேயே தீர்ந்துவிடுகிறது. அதே ஊரிலிருந்து நகரப் பேருந்தில் ஏறமுடிந்த மற்றொரு மாற்றுத்திறனாளிக்கோ போகவரக் கட்டணம் ஏதும் இல்லை. இருவருக்கும் உள்ள சலுகை ஒன்றே. பேருந்தின் படிதான் அவர்களைப் பிரிக்கிறது.

பேருந்துச் சலுகைகளும் அவற்றின் எல்லைகளும்

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிமுகமானது. அதே ஆண்டில் இச்சலுகை திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் உதவியாளர் ஒருவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பின்னர் இது விடியல் பயணத் திட்டம் எனப் பெயர் பெற்றது. உதவியாளருக்கும் இடமளித்தது இத்திட்டத்தின் சிறப்பாகும். மாற்றுத்திறனாளியின் பயணம் பெரும்பாலும் இருவரின் பயணம் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

இதற்கு முன்பிருந்தே, கல்வி நிலையம், பணியிடம், மருத்துவமனை, பயிற்சி மையம் ஆகியவற்றுக்குச் சென்றுவர 100 கி.மீ. வரையான கட்டணமில்லாப் பயண அட்டை வழங்கப்பட்டு வருகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் தொலைதூரப் பேருந்துகளில் 75 சதவீதக் கட்டணச் சலுகையும் உண்டு. தருமபுரி மண்டலப் பேருந்துகள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்தின்கீழ் இயங்குகின்றன.

இச்சலுகைகளுக்கு மூன்று எல்லைகள் உள்ளன. முதலாவது, இவை அரசுப் பேருந்துகளுக்கானவை. தனியார் பேருந்துகளையும் சிற்றுந்துகளையும் நம்பியுள்ள வழித்தடங்களில் விடியல் பயணம் பொருந்தாது. இரண்டாவது, அடையாள அட்டையும் சான்றிதழும் இல்லாதோர் இவற்றைப் பெற இயலாது. அவற்றைப் பெறவும் முதலில் பயணம் செய்ய வேண்டும். மூன்றாவது எல்லையே அடிப்படையானது: இவை கட்டணத்தைக் குறைக்கின்றன, ஏறும் வழியை ஏற்படுத்துவதில்லை.

தாழ்தளப் பேருந்து

சரக்குந்தின் அடிச்சட்டத்தை ஒத்த சட்டத்தின்மேல் கட்டப்படும் வழக்கமான பேருந்தின் தளம், தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரோ அதற்கு மேலோ உயரத்தில் இருக்கும். தாழ்தளப் பேருந்தின் தளம் சுமார் 40 செ.மீ. உயரமே. இந்த வேறுபாட்டின் பொருளைச் சாய்தள விதி விளக்கும். இந்திய வழிகாட்டு நெறிகளின்படி ஒரு சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12 என்ற அளவில் இருக்க வேண்டும். அதாவது ஒரு மீட்டர் உயரம் ஏற 12 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் இதற்கு இடமிருக்காது. தாழ்தளப் பேருந்திலோ நடைமேடையின் உயரத்தையும் பேருந்து ஒருபுறமாகத் தாழும் வசதியையும் பயன்படுத்திச் சிறிய மடக்குப் பலகையைக் கொண்டே சக்கர நாற்காலியை ஏற்றிவிடலாம்.

தமிழ்நாட்டில் தாழ்தளப் பேருந்துகளுக்கான போராட்டம் பெரும்பாலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் தொடுத்த வழக்கு இதில் குறிப்பிடத்தக்கது. தாழ்தளப் பேருந்தின் விலை அதிகம், சாலைகள் அதற்கு ஏற்றவையல்ல, மழைநீர் தேங்கும் இடங்களில் இயக்க இயலாது என்பவை அரசுத் தரப்பின் வாதங்களாக இருந்தன. அணுகத்தக்க போக்குவரத்து சட்டப்படியான கடமை என்பது எதிர்வாதம். இதன் தொடர்ச்சியாக 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் இயங்கத் தொடங்கின. 2025-இல் மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. கோயம்புத்தூரும் மதுரையும் இத்திட்டத்தில் இடம்பெற்ற மற்ற நகரங்களாகும்.

பெருநகரங்களுக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நிலை வேறு. வேகத்தடைகளும் குண்டுகுழிகளும் மலைவளைவுகளும் உள்ள சாலைகளில் தாழ்தளப் பேருந்தின் அடிப்பகுதி உரசும் என்ற வாதம் அங்கு வலுவாக உள்ளது. ஆனால் தாழ்தளம் ஒன்றே வழியன்று. பேருந்தின் நடுவாயிலில் சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் இயந்திரம் பொருத்தலாம். நிறுத்தத்திலேயே உயர்ந்த மேடையும் சாய்தளமும் கட்டலாம். ஒரு வழித்தடத்தில் குறிப்பிட்ட நேரங்களிலாவது அணுகத்தக்க வண்டியை இயக்கி அந்நேரத்தை அறிவிக்கலாம்.

ரயிலும் வானூர்தியும்

தருமபுரி ரயில் நிலையம் சேலம்–பெங்களூரு பாதையில், தென்மேற்கு ரயில்வேயின் கீழ் உள்ளது. அரூர் பக்கத்தவர் சேலம்–சோலார்பேட்டை பாதையிலுள்ள மொரப்பூர் நிலையத்தைப் பயன்படுத்துகின்றனர்.

உடன் ஒருவர் இல்லாமல் பயணிக்க இயலாத உடலியக்கக் குறைபாடுள்ளோர், அறிவுசார் குறைபாடுள்ளோர், முழுப் பார்வையிழந்தோர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்குக் குளிர்பதன வகுப்பு ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை கிடைக்கும். முழுமையாகக் கேட்கவும் பேசவும் இயலாதோருக்கு 50 சதவீதச் சலுகை உண்டு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் உள்ளிட்ட பல பிரிவினரின் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை தொடர்ந்தது. 21 வகைக் குறைபாடுகளைச் சட்டம் ஏற்றுள்ள போதிலும் ரயில் சலுகை நான்கு பிரிவினருக்கு மட்டுமே உரியதாக இருப்பது குறையாகச் சுட்டப்படுகிறது.

பல விரைவு ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பெட்டிப் பகுதி உண்டு. அது வழக்கமாக ரயிலின் கோடியில் அமைகிறது. சிறு நிலையங்களில் ரயில் ஓரிரு நிமிடங்களே நிற்கும். அதற்குள் நடைமேடையின் கோடிக்குச் சென்று, நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலான உயரத்தைக் கடந்து ஏற வேண்டும். மேம்பாலத்தைப் படியேறிக் கடக்க வேண்டிய நிலையங்களில் இது மேலும் கடினமாகும். ஏற்றிவிட ஆள் அமர்த்தினால் அதுவும் பயணச் செலவே.

வானூர்திப் பயணத்தில், 2012-இல் மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்பவர் கொல்கத்தாவில் வானூர்தியிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிகழ்வு ஒரு திருப்புமுனையாகும். இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குறைபாடுள்ளோரின் கண்ணியத்தை மதிப்பது சட்டக் கடமை என்பதை அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

சொந்த வண்டி

பொதுப் போக்குவரத்து பயன்படாத இடத்தில் சொந்த வண்டியே விடுதலை தருகிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களைத் தமிழ்நாடு அரசு தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக வழங்குகிறது. மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலிகளும் வழங்கப்படுகின்றன. 1972-இல் கான்பூரில் நிறுவப்பட்ட இந்திய செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம், நடுவண் அரசுத் திட்டங்களுக்கான உபகரணங்களைத் தயாரிக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், இத்தகைய வண்டிகளுக்கு இருந்த பழைய இழிவுப் பெயரை நீக்கி, "மாற்றியமைக்கப்பட்ட வாகனம்" என்ற பெயரை அளித்தது. ஆயினும் வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் எரிபொருளும் பழுதுநீக்கமும் உரியவரின் பொறுப்பே. கைகளும் செயலிழந்தோருக்கோ பார்வையற்றோருக்கோ இத்திட்டம் பயன்படாது.

வரிச்சலுகைகளும் அனைவருக்கும் எட்டுவதில்லை. வருமான வரிச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளி ஊழியரின் போக்குவரத்துப் படியில் குறிப்பிட்ட தொகைக்கு விலக்கு உண்டு. நடுவண் அரசின் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குப் போக்குவரத்துப் படி இருமடங்காக வழங்கப்படுகிறது. மாதச் சம்பளம் பெறுவோருக்கு மட்டுமே இவை உதவுகின்றன. நிலத்திலும் கூலியிலும் வாழும் குடும்பங்களுக்கு இவற்றால் பயனில்லை.

சட்டமும் தீர்ப்புகளும்

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் 9-ஆம் உறுப்பு அணுகல் வசதியையும், 20-ஆம் உறுப்பு தனிநபர் நடமாட்டத்தையும் பற்றியவை. ஒருவர் தாம் விரும்பும் முறையிலும் நேரத்திலும், கட்டுப்படியாகும் செலவிலும் நடமாட உதவ வேண்டும் என்று 20-ஆம் உறுப்பு கூறுகிறது. செலவு என்பது இதன்மூலம் உரிமையின் ஒரு பகுதியாகிறது.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதன் 41-ஆம் பிரிவு பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், வானூர்தி நிலையங்கள், வண்டிகள் ஆகியவற்றை அணுகத்தக்கனவாக ஆக்கும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. கட்டுப்படியாகும் செலவில் நடமாட்டத்தை ஊக்குவிக்கச் சலுகைகள், வண்டிகளை மாற்றியமைத்தல், தனிநபர் உதவி ஆகியவற்றுக்குத் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. சட்டம் மூன்றையும் ஒன்றாகக் கூறியிருக்க, நடைமுறையில் முதலாவதான சலுகையே முன்னேறியுள்ளது.

பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் பொதுக் கட்டடங்களையும் போக்குவரத்தையும் அணுகத்தக்கனவாக மாற்றக் காலவரையறை விதித்தது. அதே வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பில், அணுகல் தரநிலைகள் பற்றிய 15-ஆம் விதி வெறும் பரிந்துரையாகவே அமைந்துள்ளதால் அது சட்டத்துக்கு முரணானது எனக் கூறியது. எவற்றை விட்டுக்கொடுக்கவே முடியாது என வரையறுக்கும் கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறும் பணித்தது.

சுற்றுலாவும் கோயிலும்

பயணம் என்பது மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் உரியதன்று. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் செல்வதும், அருவியைப் பார்ப்பதும் வாழ்வின் பகுதியே. தருமபுரியிலிருந்து சுமார் 46 கி.மீ. தொலைவிலுள்ள ஒகேனக்கல் மாவட்டத்தின் முதன்மைச் சுற்றுலா இடம். அங்கு ஈரப் பாறைகளும் படிகளும் உள்ளன. பரிசலில் ஏற ஒருவரைத் தூக்கி இறக்க வேண்டும். அரூரை அடுத்த தீர்த்தமலையில் கோயிலுக்கு மலைப்படிகள் ஏற வேண்டும். இவ்விடங்களுக்குக் குடும்பத்தோடு வரும் மாற்றுத்திறனாளி பலநேரம் வண்டியிலேயே அமர்ந்திருக்கிறார். செலவில் அவருக்கும் பங்குண்டு, காட்சியில் இல்லை.

இதை மாற்றமுடியும் என்பதற்குச் சென்னை மெரினா கடற்கரை ஒரு சான்று. அங்கு 2022 நவம்பரில் மணற்பரப்பின்மேல் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த பலர் அலைகளை முதன்முறையாக அருகிலிருந்து பார்த்தனர். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமடைந்தது. வசதியை ஏற்படுத்துவதோடு பராமரிப்புக்கும் நிதி வேண்டும் என்பது அதன்வழி கிடைத்த பாடம்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்கமான பேருந்தைப் பயன்படுத்த இயலாதோருக்குப் பேருந்து நிறுவனங்கள் அதே பகுதியில் மாற்று வண்டி இயக்க வேண்டும். அதன் கட்டணம் வழக்கமான கட்டணத்தின் இருமடங்கைத் தாண்டக்கூடாது. கூடுதல் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு, அதன் பெரும்பகுதியைப் பொதுத் துறையே ஏற்க வேண்டும் என இந்த வரம்பு விடையளிக்கிறது. பிரித்தானியாவில் சமத்துவச் சட்டத்தின் ஒரு பிரிவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், அணுகத்தக்கவையாகப் பட்டியலிடப்பட்ட டாக்சிகளின் ஓட்டுநர்கள் சக்கர நாற்காலிப் பயணியிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது குற்றமாகும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

பயணத் தேவையையே குறைப்பது ஒரு வழி. 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மருந்தையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்கள் வீடு தேடி வருகின்றன. 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ளோர் 2024 மக்களவைத் தேர்தலில் வீட்டிலிருந்தே வாக்களிக்க வாய்ப்புப் பெற்றனர். உலக வங்கி உதவியுடன் நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம், மறுவாழ்வுச் சேவைகளை வட்டார அளவிலான மையங்களுக்கும் நடமாடும் ஊர்திகளுக்கும் கொண்டுவருவதை நோக்கமாகக் கொண்டது. அது முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று.

வீடு தேடி வரும் சேவை பயனுள்ளது. எனினும் அது வெளியே செல்லும் உரிமைக்கு மாற்றாகாது. எல்லாம் வீட்டுக்கே வந்துவிட்டால், வீட்டைவிட்டு வெளியேறாத வாழ்க்கை நிலைபெற்றுவிடும் ஆபத்தும் உண்டு. எனவே வேறு வழிகளும் முன்வைக்கப்படுகின்றன:

உடன் வருபவரின் பயணச்சீட்டோடு அவருடைய நாள்கூலி இழப்பையும் ஈடுசெய்தல்.

மருத்துவமனை நாள்களில் வட்டாரத்துக்கு ஒரு சக்கர நாற்காலி வேனைக் குறைந்த கட்டணத்தில் இயக்குதல்.

சான்றிதழ், உபகரணம், உதவித்தொகை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஒரே முகாமில், தாலுகா அளவில் வழங்குதல்.

புதிய பேருந்து, புதிய நிறுத்தம், புதிய நிலையம் எதுவாயினும் தொடக்கத்திலேயே அணுகல் வசதியுடன் அமைத்தல். பின்னர் இடித்துக் கட்டுவதைவிட இது மலிவானது.

தாழ்தளப் பேருந்தும் சாய்தளமும் செலவு மிக்கவை என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. அவை அமைக்கப்படாதபோது அச்செலவு மறைந்துவிடுவதில்லை. வாடகைக் கார், இழந்த கூலி, தள்ளிப்போன சிகிச்சை என்று அது குடும்பங்களின் கணக்குக்கு மாறுகிறது. அரசு ஒருமுறை ஏற்க வேண்டிய செலவை அக்குடும்பங்கள் ஒவ்வொரு பயணத்திலும் செலுத்துகின்றன. முதுமையில் முழங்கால் வலிப்பவரும், கருவுற்ற பெண்ணும், கைக்குழந்தையோடு ஏறும் தாயும், எலும்பு முறிந்து சில வாரம் ஊன்றுகோலில் நடப்பவரும் தாழ்ந்த படியால் பயனடைவர் என்பதால், இது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரிய சிக்கலாகவும் கருதப்படுவதில்லை.